சில்க்சாங் வந்த இரவு: தள்ளிப்போன ஆட்டங்களும் காத்திருந்தவர்களும்

2025 செப்டம்பர் 4, வியாழக்கிழமை. மறுநாள் மிலாடி நபி, அதையடுத்து சனி, ஞாயிறு. சேர்ந்தாற்போல் மூன்று நாள் கிடைத்ததால் சென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். அக்கா ஜமுனாமரத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. நான் போனது வழக்கம்போல நடுகல் பார்க்க. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இந்தக் கட்டுரை வேறு விஷயம்.

அன்று சாயங்காலம் அக்கா பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். அந்த வீட்டில் ஒழுங்காக சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான்.

"என்னடா, செமஸ்டர் ரிசல்ட்டா?"

"இல்ல மாமா. சில்க்சாங். ஏழரைக்கு வருது."

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 'ஹாலோ நைட்' என்று ஒரு வீடியோ கேம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 'டீம் செர்ரி' என்ற பெயரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்தது. பூமிக்கடியில் பாழடைந்து கிடக்கும் ஒரு பூச்சிகளின் ராஜ்ஜியம், அதில் ஒரு சின்ன வீரன். 2017 பிப்ரவரியில் வெளியாகி மெதுவாகப் பரவி, ஒன்றரைக் கோடி பிரதி விற்றது. அதை உருவாக்கப் பொதுமக்களிடம் பணம் திரட்டியபோதே, ஹார்னெட் என்கிற பாத்திரத்தை வைத்து ஒரு கூடுதல் பகுதி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூடுதல் பகுதி வளர்ந்து வளர்ந்து தனி ஆட்டமாகிவிட்டது என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அதுதான் 'சில்க்சாங்'. 

அந்த அறிவிப்பு வந்தபோது என் மருமகன் எட்டாவது. இப்போது இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். நடுவில் கொரோனா வந்து போனது, பத்தாவதுக்கு பரீட்சையே இல்லாமல் பாஸ் ஆனான், குரல் உடைந்தது, மீசை வந்தது. சில்க்சாங் மட்டும் வரவில்லை.

ஏழரை ஆனது. "மாமா, ஸ்டோரே தொங்கிடுச்சு!" என்று கத்தினான். இது அவன் சிக்னல் பிரச்சினை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. உலகம் முழுக்க அதே கதை. ஸ்டீம் தொடங்கி நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கடைகள் வரை ஒரே நேரத்தில் தடுமாறின. இருபது வருஷத்துக்கு மேலாக சர்வர் பக்கம் வேலை பார்ப்பவன் நான். மூன்று பேர் செய்த ஒரு ஆட்டத்துக்காக இத்தனை பெரிய கடைகள் ஒன்றாகப் படுத்ததைப் பார்க்கையில், உள்ளே உட்கார்ந்து அலர்ட் பார்த்துக்கொண்டிருக்கும் இன்ஜினியர்களை நினைத்துத்தான் எனக்குப் பாவமாக இருந்தது.

ஒன்பது மணி தாண்டித்தான் அவனுக்குக் கிடைத்தது. அதுவரை பொழுது போக அவனிடம் பழைய கதைகளைச் சொன்னேன். சென்னைக்குத் திரும்பிய பிறகு தேதிகளைச் சரிபார்த்து, இங்கே ஒரு ஒழுங்கில் தருகிறேன்.

டியூக்: பதினான்கு வருஷம்

நான் பி.இ. சேர்ந்த காலத்தில் எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேப் இயந்திரங்களில் யாரோ ஒரு சீனியர் 'டியூக் நியூகெம் 3டி'யை மறைத்து வைத்திருந்தார். 1996இல் வந்த ஆட்டம். லேப் அசிஸ்டென்ட் டீ குடிக்கப் போகும் இருபது நிமிஷம்தான் எங்களுக்கு.

அதன் அடுத்த பாகம் 'டியூக் நியூகெம் ஃபாரெவர்' 1997 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. மறு வருஷமே வந்துவிடும் என்றார்கள். முதலில் குவேக் 2 ஆட்டத்தின் என்ஜினை வாங்கி வேலையைத் தொடங்கினார்கள். 1998இல் அன்ரியல் என்ஜின் வந்தது, பார்த்தார்கள், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாறினார்கள். அதன் பிறகும் புதிதாக எந்த ஆட்டம் என்ன வித்தை காட்டினாலும் அது நம்முடையதிலும் வேண்டும் என்ற ஆசை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். கையில் காசு இருந்தது, கேட்க ஆள் இல்லை. எப்போது வரும் என்று கேட்டால், முடிந்ததும் வரும் என்பதே நிறுவனத்தின் பதில்.

அமெரிக்காவின் 'வயர்டு' பத்திரிகை, அறிவிப்போடு நின்றுபோன பொருட்களுக்கு வருஷா வருஷம் கிண்டலாக ஒரு விருது கொடுத்தது. 2001, 2002 இரண்டு வருஷமும் முதலிடம் டியூக்குக்கு. 2003இல் இதற்கு மேல் தாங்காது என்று வாழ்நாள் சாதனையாளர் விருதே கொடுத்துவிட்டார்கள். 2009 மே மாதம் 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் அந்த அணியைக் கலைத்தது. 2010இல் கியர்பாக்ஸ் நிறுவனம் அதை எடுத்து ஒட்டுப்போட்டு முடித்து, 2011 ஜூனில் வெளியிட்டது.

விளையாடியவர்கள் என்ன சொன்னார்கள்? லோடிங் நேரம் முடியவே மாட்டேன் என்கிறது. பழைய டியூக் ஒரு ஆயுதக் கிடங்கையே தூக்கிக்கொண்டு ஓடுவான், இவன் கையில் இரண்டே துப்பாக்கி. 1996இல் சிரித்த ஜோக்குகளுக்கு 2011இல் கூச்சமாக இருக்கிறது. விமர்சகர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் நூற்றுக்கு ஐம்பத்துச் சொச்சம். பிறகு ஒரு திருத்தம் வெளியிட்டு நான்கு ஆயுதம் வைத்துக்கொள்ள விட்டார்கள்.

அந்த இரண்டு ஆயுதக் கட்டுப்பாடு, நடுவில் வந்த வேறு ஆட்டங்களைப் பார்த்து எடுத்துக்கொண்ட வழக்கம். காலத்தோடு ஓடவேண்டும் என்றுதான் அத்தனை முறை மாற்றினார்கள். கடைசியில் வந்து சேர்ந்ததில் பழைய டியூக்கும் இல்லை, புதிய காலமும் இல்லை.

ஹாஃப்-லைஃப்: வராத மூன்று

'ஹாஃப்-லைஃப் 2' 2004 நவம்பரில் வந்தது. நான் அப்போது வேளச்சேரியில் ஒரு அறையில் நண்பனோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரிச்சி தெருவில் கிராபிக்ஸ் கார்டு வாங்க இரண்டு பேரும் பாதிப் பாதி பணம் போட்டோம். கார்டு அவன் கம்ப்யூட்டரில், மானிட்டர் என்னுடையது. ஒருவன் விளையாடும்போது மற்றவன் பின்னால் உட்கார்ந்து வழி சொல்வான்.

அதன் தொடர்ச்சியாக 2006இல் 'எபிசோட் ஒன்', 2007 அக்டோபரில் 'எபிசோட் டூ'. இரண்டாவது ஒரு மரணத்தோடு, கதையின் நட்டநடுவில் முடியும். அந்தக் கடைசிக் காட்சி முடிந்து எழுத்துகள் ஓடியபோது நாங்கள் இருவரும் பேசவில்லை. பிறகு அவன்தான் சொன்னான்: "பார்த்துக்கலாம்டா, அடுத்த வருஷம் மூணு வந்துடும்."

வரவில்லை. வால்வ் நிறுவனம் ரத்து என்றும் சொல்லவில்லை, வரும் என்றும் சொல்லவில்லை. 2012 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, ஆயிரக்கணக்கானோர் பேசிவைத்து ஒரே நேரத்தில் பழைய ஹாஃப்-லைஃப் 2வைத் திறந்து விளையாடினார்கள். நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று நிறுவனத்துக்குக் காட்டுவதற்காக. கோஷம் இல்லை, கொடி இல்லை. எனக்குத் தெரிந்து இவ்வளவு சாதுவான போராட்டம் வேறு இல்லை. பதில் வரவில்லை.

2017 ஆகஸ்டில், அந்தக் கதைகளை எழுதி, பின்பு நிறுவனத்திலிருந்து விலகியிருந்த மார்க் லெய்ட்லா, பாத்திரங்களின் பெயர்களை மாற்றி ஒரு கடிதம் போல ஒன்றை வெளியிட்டார். படித்தவர்களுக்குப் புரிந்துவிட்டது: இதுதான் மூன்றாவது எபிசோடின் கதை. இனி ஆட்டமாக வராது. கோபத்தில் சிலர் அதே நிறுவனத்தின் 'டோட்டா 2' ஆட்டத்துக்குப் போய் மோசமான மதிப்புரைகளைக் குவித்தார்கள். அந்த ஆட்டம் என்ன பாவம் செய்தது? ஆனால் கோபத்துக்குப் போய் நிற்க ஒரு கதவு வேண்டுமே.

2024 நவம்பரில், ஹாஃப்-லைஃப் 2 வந்து இருபது வருஷம் ஆனதற்காக ஒரு ஆவணப்படம் வெளியிட்டார்கள். அதில் அந்த மூன்றாவது எபிசோடுக்காகச் செய்து வைத்திருந்த காட்சிகளைக் காட்டினார்கள். பனியை வைத்துச் சண்டை போடும் ஒரு துப்பாக்கி. நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், அந்த ஆட்டம் எதைப் புதிதாக முன்னெடுத்துச் செல்லப் போகிறது என்ற கேள்விக்குத் தன்னிடம் விடை இல்லாமல் போனதைத் தன் தோல்வியாகவே ஒப்புக்கொண்டார். பதினேழு வருஷம் கழித்து ஒரு பதில். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் அதைச் சொல்ல நான் போன் செய்திருக்கவேண்டிய ஆள் இல்லை. என் அறை நண்பன் 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டான்.

ஷென்மூ: மாறாமல் வந்தவன்

மூன்றாவது கதை ஜப்பான். 'ஷென்மூ 2' 2001இல் வந்தது. அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் ஒரு பையனின் கதை, பாதியில் நின்றது. 2015 ஜூனில் அமெரிக்காவில் நடந்த ஒரு கண்காட்சி மேடையில் யூ சுசூகி வந்து, மூன்றாம் பாகத்துக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டப்போவதாகச் சொன்னார். சுமார் 63 லட்சம் டாலர் சேர்ந்தது. கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட எழுபதாயிரம் பேர். 2019 நவம்பரில் ஆட்டம் வந்தது. பதினெட்டு வருஷம்.

டியூக் செய்ததற்கு நேர் எதிராக சுசூகி செய்தார். எதையும் மாற்றவில்லை. நடை, பேச்சு, நாள் முழுக்க விறகு பிளந்து காசு சேர்ப்பது எல்லாம் 2001இல் விட்ட இடத்திலேயே. பழைய ரசிகர்களில் பலர் வீட்டுக்குத் திரும்பியது போல இருந்தது என்றார்கள். மற்றவர்கள், உலகம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் இப்படியா என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேல், கதை மூன்றிலும் முடியவில்லை. காத்திருந்தவர்கள் மறுபடியும் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

மாற்றியவனுக்கும் திட்டு, மாற்றாதவனுக்கும் திட்டு. அப்படியென்றால் தவறு ஆட்டத்தில் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

என் வேலையிலிருந்தே ஒரு உதாரணம். பல வருஷம் முன்பு நான் இருந்த ஒரு அணியில், ஒரு மென்பொருளின் இரண்டாம் பதிப்பு இரண்டு வருஷம் தாமதமாக வந்தது. அந்த இரண்டு வருஷத்தில் நாங்கள் நிறைய செய்திருந்தோம். வெளியிட்ட மறுநாள் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த மெயில்களில் அதையெல்லாம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எக்ஸெல்லுக்கு மாற்றும் பட்டன் எங்கே?" அதுதான் எல்லாருடைய கேள்வியும். நாங்கள் யாரும் அப்படி ஒன்றைத் தருவதாகச் சொல்லவே இல்லை. ஆனால் அவர்கள் இரண்டு வருஷமாக அது வரும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தள்ளிப்போகிற ஒவ்வொரு வருஷமும் இரண்டு ஆட்டங்கள் வளர்கின்றன. ஒன்று ஸ்டுடியோவில். இன்னொன்று காத்திருப்பவன் தலைக்குள். இரண்டாவதற்கு பட்ஜெட் கிடையாது, பக் கிடையாது. முதல் ஆட்டம் வெளியாகும் நாளில் அது மோதுவது இந்த இரண்டாவது ஆட்டத்தோடு.

மறுபடியும் சில்க்சாங்

சில்க்சாங்கின் தாமதம் இந்த மூன்றிலிருந்தும் வேறு மாதிரி. 2022 ஜூனில் ஒரு நிகழ்ச்சியில் காட்டி, பன்னிரண்டு மாதத்துக்குள் வரும் என்றார்கள். 2023 மே மாதம் தள்ளிப்போகிறது என்றார்கள். பிறகு மௌனம். காத்திருந்தவர்கள் ஜோக்கர் வேஷம் போட்ட படங்களைப் பகிர்ந்து தங்களையே கிண்டல் செய்துகொண்டார்கள். ஒருவர் தினமும் ஒரு வீடியோ போட்டார். பெரும்பாலான நாட்களில் அதிலிருந்த செய்தி: இன்றும் செய்தி இல்லை. ஆயிரத்தைத் தாண்டிப் போனது அந்தக் கணக்கு. என் மருமகன் அதைத் தினமும் பார்த்திருக்கிறான். "அதுல என்னடா இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்ணும் இருக்காது மாமா. ஆனா பார்த்தா ஒரு நிம்மதி."

2025 ஆகஸ்ட் 21 அன்று தேதி அறிவித்தார்கள். இரண்டே வாரம். சிறிய நிறுவனங்கள் பல, தங்கள் ஆட்டங்களின் தேதியை அவசரமாகத் தள்ளிவைத்தன. அந்தச் சமயத்தில் கொடுத்த பேட்டியில் உருவாக்குநர்கள் ஏரி கிப்சனும் வில்லியம் பெல்லனும் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். எந்த நெருக்கடியும் இல்லையாம், சண்டையும் இல்லையாம். செய்துகொண்டிருந்தது பிடித்திருந்தது, அதனால் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் கிப்சன் படம் வரைவதையே நிறுத்த வேண்டியிருந்ததாம். வரைந்தால் அதுவும் ஆட்டத்துக்குள் போய்விடும் என்று!

முதல் நாளே ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். பாராட்டு கொட்டியது. கூடவே புகார்களும். சீன மொழிபெயர்ப்பு ஏதோ பழங்கால நாடக வசனம் மாதிரி இருக்கிறது என்று சீன ஆட்டக்காரர்கள் மோசமான மதிப்புரை எழுதினார்கள். அதைச் சரிசெய்வதாகச் சொன்னார்கள். ஆனால் பெரிய சண்டை கஷ்டம் பற்றியது. ஒரு அடி பட்டால் இரண்டு உயிர் போகிறது, செத்தால் வெகு தூரம் மறுபடி நடந்து வரவேண்டியிருக்கிறது. ஒரு வாரத்துக்குள் ஆரம்பக்கட்ட எதிரிகள் இரண்டு பேரைக் கொஞ்சம் எளிதாக்கி ஒரு திருத்தம் அறிவித்தார்கள். உடனே இன்னொரு கூட்டம், எதற்காக எளிதாக்கினீர்கள் என்று சண்டைக்கு வந்தது.

இங்கேதான் காத்திருப்பு செய்த வேலை தெரிகிறது. ஆறரை வருஷம் பழைய ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடியவர்கள் கை தேர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குக் கஷ்டம் போதாது. இன்னொரு பக்கம், இந்தக் காத்திருப்பே ஒரு செய்தியாகிப் பரவியதால், பழைய ஆட்டத்தைத் தொடாதவர்களும் இது என்னதான் என்று பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு இது சுவரில் முட்டிக்கொள்வது போல. 2020இலேயே வந்திருந்தால் இந்த இரண்டு கூட்டமும் இவ்வளவு தூரம் விலகியிருக்காது. தாமதம் ஆட்டத்தைப் பெரிதாக்கியது. கூடவே அதற்கு வெளியே நின்ற கூட்டத்தையும் மாற்றிவிட்டது.

காவலூர்

வெள்ளிக்கிழமை காலை அவனையும் கூட்டிக்கொண்டு ஆலங்காயம் பக்கம் கிளம்பினேன். இரவு முழுக்கத் தூங்காத கண். வழியில் காவலூர். மரங்களுக்கு மேலே அந்தப் பெரிய வெள்ளைக் குவிமாடம்.

"இதுவும் லேட்டா வந்த பார்ட் டூதான்டா" என்றேன்.

வேணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்து, 1968இல் ஒரு சிறிய தொலைநோக்கியை வைத்து இங்கே வேலையைத் தொடங்கினார். 38 சென்டிமீட்டர் விட்டம், கொடைக்கானல் பட்டறையில் செய்தது. 1972இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்து ஜைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அது நன்றாகவே உழைத்தது. 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் கண்டுபிடித்தபோது, அந்த நிகழ்வைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. ஆனால் பாப்புவின் மனதில் இருந்தது அடுத்தது. இரண்டே கால் மீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒரு கண்ணாடி. அதை வெளிநாட்டிலிருந்து முடித்து வாங்காமல், இங்கேயே தேய்த்து, இங்கேயே கட்டுவது என்று முடிவு. கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து. தேய்த்தது பெங்களூரில். இரும்பு வேலை வால்சந்த்நகரில்.

இந்தியாவில் அதற்கு முன் யாரும் செய்யாத அளவு. அதனால் ஒவ்வொரு படியையும் கற்றுக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது. 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக் நகரில் பாப்பு இறந்தார். வயது 55. கண்ணாடி அப்போது தயாராகவில்லை. அவரோடு வேலை செய்தவர்கள் தொடர்ந்தார்கள். 1985 நவம்பரில் தொலைநோக்கி முதல்முறை வானத்தைப் பார்த்தது. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் பாப்புவின் பெயர்.

மருமகன் கொஞ்ச நேரம் அந்தக் குவிமாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "அப்போ அவர் பாக்கவே இல்லையா மாமா?"

"இல்ல."

காத்திருந்தவர்களின் வரலாற்றை எழுதும்போது நாம் கணக்கில் எடுப்பது கடைசி நாளில் வரிசையில் நின்றவர்களை மட்டும்தான். பாராட்டியதும் திட்டியதும் அவர்கள்தான், பதிவில் இருப்பதும் அவர்கள்தான். பதினான்கு வருஷம், பதினெட்டு வருஷம் என்று எண்ணும்போது, நடுவில் வரிசையை விட்டுப் போனவர்கள் அதில் வருவதில்லை. சிலர் கல்யாணம், குழந்தை, வேலை என்று ஆட்டத்தையே மறந்தார்கள். சிலர் என் நண்பனைப் போல. இவ்வளவு கோபம் எதற்கு, கேவலம் ஒரு விளையாட்டுதானே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தேதி தள்ளிப்போகும்போது வாங்கவேண்டிய பொருள் மட்டும் தள்ளிப்போவதில்லை. யாரோடு உட்கார்ந்து விளையாடுவதாக இருந்தோமோ, அந்த ஆளும் நம்மோடு வரவேண்டும்.

அதற்காக அவசரப்படுத்தினால் நல்ல ஆட்டம் வந்துவிடுமா என்றால், வராது. டியூக்கை 2010இல் யாரோ இழுத்துப் பிடித்து முடித்ததன் கதையைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். ரிலீஸ் தேதி கேட்டு என்னை நச்சரிக்கும் மேனேஜர்களிடமும் நான் இதையேதான் சொல்கிறேன். இரண்டும் உண்மையாக இருக்கிறது. என்னால் இதற்கு மேல் தீர்ப்பு சொல்ல முடியவில்லை.

அடுத்த வரிசை ஏற்கெனவே தயார். நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் 'வைஸ் சிட்டி' ஆடி வளர்ந்த தலைமுறை, 2013இல் ஐந்தாம் பாகத்தைப் பார்த்துவிட்டு ஆறாவதுக்காக உட்கார்ந்திருக்கிறது. 2025 என்றார்கள், பிறகு 2026 மே, இப்போது 2026 நவம்பர் 19.

பின்குறிப்பு: 1998 முதல் 2008 வரை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை பக்கம் பிரௌசிங் சென்டர் நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். எந்தெந்த ஆட்டங்கள் வைத்திருந்தீர்கள், மணிக்கு எவ்வளவு வாங்கினீர்கள், சிடி எங்கிருந்து வந்தது என்று ஒரு பதிவு செய்ய ஆசை. 'டிஜிட்' இதழோடு வந்த பழைய சிடிகள் பரணில் கிடந்தால் தூக்கிப் போடவேண்டாம், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். 

மருமகன் அக்டோபரில் சில்க்சாங்கை முடித்துவிட்டான். எப்படிடா இருந்தது என்று கேட்டேன். "சூப்பர் மாமா" என்றான். கொஞ்சம் இடைவெளி விட்டு, "இனிமே தினமும் என்ன பாக்குறதுன்னுதான் தெரியல" என்றான். தீபாவளிக்கு வந்தபோது என் பழைய ஹாஃப்-லைஃப் 2வை அவன் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தேன். எபிசோட் டூ எங்கே முடியும் என்று மட்டும் சொல்லவில்லை.